புடலைச் சரத்தில் மதகுப் பேச்சு தொங்கலாகாது

திரு நிலைக்க. மாரி பொய்யாதிருக்க. தண்ணாறு இரு கரையையும் ஒரே அன்போடு தொட்டு ஓடுக.

ஒன்பது ஏரிகளுக்குக் காவலும், யானை முத்திரைக்கு உரிமையும், இரு கரை மக்களுக்கும் தாய்மையும் பூண்டு, நெடுமதிலூர் அரண்மனையில் வீற்றிருக்கும் தண்ணாற்று நாட்டு அரசி ஆழிமாதேவியாகிய நாம் எழுதுவிக்கும் ஓலை. நாரைத்துறை ஊரவைப் பெருமக்களும், படகுக்காரரும், சந்தைக்கு வந்து போவோரும், புடலைப் பந்தல் போட்டவர் எல்லாரும், பந்தலே போடாமல் வாய் மட்டும் போட்டவர் எல்லாரும் நலமாக இருக்க. உங்கள் கன்றுகள் தாயை மறவாதிருக்க; உங்கள் படகுகள் கரையை மறவாதிருக்க; உங்கள் பந்தல்களில் வண்டு விழாதிருக்க.

இவ்வோலையைப் படகுத்துறைக் கொட்டகையில், புடலைச் சரம் தொங்கும் மூங்கிலின் கீழ், ஊர் கூடியிருக்க, எழுத்துக்கு எழுத்து உரக்கப் படிப்பது. படிக்கும்போது துறைநாயகர் பொன்னங்காரி முன்வரிசையில் நின்று கேட்பது. அவருக்கு முழங்கால் வலி உண்டென்பதை அறிவோம். ஒரு கம்பை ஊன்றிக்கொள்ளலாம்; உட்காரலாகாது.

விவரம் யாதெனில்: நம் நாட்டில் இன்று எங்கு காது கொடுத்தாலும் மதகுப் பேச்சு. கோடையில் பெரிய ஏரி குறையும்போது மேட்டுநிலத்துக்குப் பாயும் மேல்மதகை முதலில் திறப்பதா, பள்ளத்துக்குப் பாயும் கீழ்மதகை முதலில் திறப்பதா என்னும் ஒரு கேள்வி, கொண்டான் கொடுத்தானைப் பிரித்து, அண்ணன் தம்பிக்கு நடுவில் சுவர் எழுப்பி, தேர் எந்தத் தெருவில் முதலில் திரும்புவது என்பது வரை வந்து நிற்கிறது. பாதி முகம் மழித்த நாவிதர், ஆள் எந்த மதகு என்று தெரிந்ததும் மறுபாதியை அப்படியே விட்டுப் போன கதையும் நம் செவிக்கு வந்தது. நம் அவையிலேயே அமைச்சர் இருவர் ஒரே வெற்றிலைத் தட்டில் கை வைப்பதில்லை. நம்மைக் கேட்டால், கீழ்மதகின் படிக்கல் பழுதுபட்டிருப்பதை எண்ணிப் பார்க்கும்போது, நியாயம் என்னவெனில்... நிற்க. எழுத்தாணியை நிறுத்தச் சொன்னோம். இது மதகைப் பற்றிய ஓலை அன்று. நமக்கே இப்படி நாக்கு நமைக்கிறதென்றால், குடிகளை நொந்து பயனில்லை.

இத்தனை இரைச்சலுக்கும் நடுவே, இந்த நாட்டில் ஓரிடத்தில் மட்டும் மதகுப் பேச்சு இல்லாதிருந்தது. அது உங்கள் புடலைச் சரம். அறியாத அயலூரார் பொருட்டு அதன் நடைமுறையைச் சொல்கிறோம். படகுக்குக் காத்திருக்கும் கொட்டகையில் குறுக்காக ஒரு நீண்ட மூங்கில். அதிலிருந்து கயிறுகள் தொங்கும். புடலை வளர்ப்பில் ஐயம் உள்ளவர் ஒரு நறுக்கோலையில் எழுதிக் கயிற்றின் தலைப்பில் கட்டுவார். விடை தெரிந்தவர் அதன் கீழே தம் ஓலையைக் கட்டுவார். அந்த விடைக்கு மறுப்புள்ளவர் அதற்கும் கீழே கட்டுவார். இப்படி ஒரு கேள்வி முழங்கால் அளவு நீண்டு சரமாகிவிடும். இக்கரையாரும் அக்கரையாரும் படகுக்கு நிற்கும் நேரத்தில் படித்துச் சிரித்து எழுதிவிட்டுப் போவார்கள். எழுதுபவர் எவரும் தம் பெயரோ ஊரோ எழுதுவதில்லை; தம் கொடிக்கு வைத்த பெயரையே எழுதுவர். ஆகவே ‘கோணக்காய்’ என்பது கொல்லரா கோயில் குருக்களா, ‘வெள்ளிவால்’ என்பது மேல்மதகா கீழ்மதகா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவரும் தெரியாததுபோல் இருந்தார்கள்.

காய் நாய்வாலாகச் சுருண்டால் என்ன செய்வது, நுனியில் கட்டும் கல் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், கல்லை வாழைநாரில் கட்டுவதா கயிற்றில் கட்டுவதா என்று நீங்கள் சண்டையிட்ட ஓலைகளின் படிகளை நம் ஒற்றர் கொண்டுவந்தார்கள். நாருக்கும் கயிற்றுக்குமான சண்டை ஒரு பருவம் முழுக்க நடந்து, இறுதியில் நார்க்கட்சியார் கயிற்றுக்கட்சியாரின் பந்தலுக்குப் போய் மோர் குடித்து வந்ததாகப் படித்தோம். உள்ளதைச் சொன்னால் நமக்கு வயிறு எரிந்தது. பட்டுவிரித்த நம் அவையில் ஒரு நாளும் காணாத மரியாதை, எருக்கூடைக்குப் பக்கத்தில் தொங்கும் மூங்கிலுக்கு வாய்த்திருக்கிறதே என்று ஏங்கினோம். பொறாமை அரசிக்கும் உண்டு. அதனால்தான் பொன்னங்காரியின் பொறாமை நமக்கு எளிதில் விளங்கிற்று.

துறைநாயகர் பொன்னங்காரி எளிய ஆள் அல்லர். படகுத்துறை முழுதும் அவர் கையில். அவர் கனைத்தால் படகு நிற்கும். ஆனால் அந்தப் பதவியைவிட அவர் பெரிதாக மதித்தது தம் கொல்லையில் படர்ந்த புடலைக் கொடியை. அதற்கு ‘முதற்கொடி’ என்று பெயர் வைத்தபோதே அவர் மனம் தெரிந்துவிட்டது. ஆண்டுதோறும் ஆடித் திருநாளில் காய்களை அளக்கும்போது முதற்கொடியின் காயே நீளமானதாக வரும். அந்த அளவை எழுதிய ஓலையை, சரத்தைத் தாங்கி நிற்கும் கால்மூங்கிலின் உச்சியில் கட்டுவார்கள். அதைவிட நீண்ட காய் வரும்வரை அது இறங்காது. பந்தலைப் பார்க்க வருபவர்களைச் சற்றுக் காக்கவைத்து, பிறகு மணப்பெண் முகத்திரையை விலக்குவதுபோல் இலைகளை விலக்கிக் காட்டுவாராம். பார்த்தவர் வாய் பிளக்கும்வரை விலக்கிய கையை எடுக்கமாட்டாராம்.

அந்த நாளில் அக்கரைக்கு உப்பு வணிகம் செய்ய வந்து குடியேறினாள் சேந்தநங்கை. வண்டிகள் பலவற்றுக்கு உடையவள், குரல் பெரிது, அடக்கம் அவளிடம் கடனுக்கும் கிடைக்காது. பொழுதுபோக்காக ஒரு புடலை விதையை ஊன்றினாள். அதற்கு அவள் வைத்த பெயர் ‘இன்னுங்கொஞ்சம்’. பெயருக்கேற்ப அது நிற்கவில்லை. அவள் சரத்தில் கட்டிய ஓலைகளோ, யோசனை கேட்பதுபோல் பெருமை பேசும் வகையைச் சேர்ந்தவை. தன் காய் தரையைத் தொடப் பார்க்கிறதென்றும், பந்தலை உயர்த்துவதா, காயின் கீழே குழி தோண்டுவதா என்று தெரியாமல் தவிப்பதாகவும், பெரியவர்கள் யாரேனும் இந்தத் துன்பத்தைக் கண்டிருந்தால் வழி சொல்ல வேண்டும் என்றும் எழுதினாள். சரமே சிரித்தது. குழி தோண்டு தாயே என்று கீழே எத்தனையோ ஓலைகள்.

பொன்னங்காரி சிரிக்கவில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனையாள் நம் தூதரிடம் சொன்னார். வீட்டில் புடலங்காய்க் கூட்டு வைக்கக் கூடாதென்று கட்டளையிட்டாராம். படகில் வருபவர் எவரேனும் அக்கரைப் பந்தலைப் பார்த்ததாகச் சொன்னால், காதில் விழாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சற்றுப் பொறுத்து, எவ்வளவு நீளம் இருக்கும் என்று தாழ்ந்த குரலில் கேட்பாராம். இரவல் கண்ணால் அவர் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எந்தப் பக்கம் படர்கிறது, எப்போது பூக்கிறது, எந்தக் காயைக் கிள்ளிவிட்டு எந்தக் காயை விட்டாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

பொறுக்கமாட்டாமல் முதற்கொடியின் காயில் கட்டியிருந்த கல்லை அவிழ்த்து, அதைவிடக் கனமான கல்லைக் கட்டினார். இரண்டு நாளில் இன்னும் கனமானது. நேராக்குவதற்குக் கட்டும் கல், நீளமாக்கவும் செய்யும் என்று எண்ணினார் போலும். புடலை வளர்ப்பவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அதிலும் ஆத்திரக்காரர் மட்டும். காய் இடுப்பில் ஒடிந்து கல்லோடு விழுந்தது. குரங்கு செய்த வேலை என்று சரத்தில் எழுதினார். நாரைத்துறையில் குரங்கு கிடையாது என்பதை எல்லாரும் அறிவார்கள். அவர் பெரிய மனிதர் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை.

ஆடித் திருநாளில் முதற்கொடியில் மிஞ்சிய காய் இரண்டாவதாக வர, இன்னுங்கொஞ்சத்தின் காய் நாலு முழமும் ஆறு விரற்கடையும் இருந்தது. அந்த ஓலை மூங்கிலின் உச்சிக்கு ஏறிற்று. அதற்குக் கீழே ஊரே தன் வாழ்த்தைக் கட்டியது. பொன்னங்காரியும் கட்டினார். ‘நன்று’ என்ற ஒரு சொல்லை எழுத அவர் ஓலையைப் பலமுறை மாற்றினார் என்று கேள்வி.

அதற்குப் பின் வந்த ஒரு நாளில்தான் அந்தக் கேள்வி மூங்கிலில் தொங்கிற்று. முதற்கொடி என்று கையொப்பமிட்டு, தேன் தடவி எழுதியது. சரத்தின் நன்மை கருதி ஒரு சிறு ஐயம் கேட்பதாகவும், காயின் நீளத்துக்கு நீர்வளம் காரணமாக இருக்கக்கூடும் என்று பெரியோர் சொல்வதாகவும், ஆகவே இன்னுங்கொஞ்சம் குடிப்பது எந்த மதகின் நீர் என்று தெரிந்தால் எல்லாருக்கும் பயன்படும் என்றும் அதில் இருந்தது.

சரத்துக்குக் காவலாக நீங்கள் வைத்திருந்தவர் படகுத்துறை முரசறையும் வெண்பூதன். நல்லவர், ஊர் முழுவதும் தன்னை நல்லவன் என்று சொல்ல வேண்டும் என்னும் ஒரு குறை மட்டும் உண்டு. அந்த ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். புடலைக்குத் தண்ணீர் வேண்டும்தானே, தண்ணீரைப் பற்றிக் கேட்பது புடலைப் பேச்சுத்தானே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, அதை மீண்டும் கட்டிவிட்டார். பஞ்சுப் பொதியில் நெருப்பை வைத்தவனைவிட, அதைப் பார்த்துவிட்டுக் குளிருக்கு ஆகும் என்று விட்டவனை என்ன சொல்வது.

சேந்தநங்கை விடை எழுதவில்லை. அவளுடைய வாய்க்கு அது அதிசயம். அவள் எழுதாத விடையை மற்றவர் எழுதினார்கள். விடை சொல்லாததே விடை என்றது ஓர் ஓலை. ‘எங்க பங்குத் தண்ணிய உறிஞ்சித்தான் அந்த நாலு முழம்’ என்றது அடுத்தது. ‘உங்க பங்கு எதுய்யா, கல்லுல எழுதி வச்சிருக்கா’ என்றது அதற்கும் கீழே. வெள்ளிவால் தான் மேல்மதகு என்று முழங்கிற்று. கோணக்காய் தான் கீழ்மதகு என்று மார்தட்டிற்று. போன பருவத்தில் வண்டுக்கு வேப்பெண்ணெய் சொன்னதே கீழ்மதகுச் சூழ்ச்சி என்று ஒருவர் கண்டுபிடித்தார். வெண்பூதன் ஓடிவந்து, இரு பக்கத்திலும் நியாயம் உண்டென்றும், இருந்தாலும் மேட்டுநிலத்தின் தாகத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதி, அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டார். அவருடைய அமைதி ஓலைக்குக் கீழேதான் மிகப் பெரிய சண்டை நடந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்; ஒரு தொட்டிச்செடி கூட வளர்த்திராத வெளியூரார், சந்தைக்கு வந்த வழியில், ஓலை வாங்கி எழுதிக் கட்டிவிட்டுப் போனார்கள். கனம் தாங்காமல் மூங்கில் வளைந்தது.

பிறகு சரத்தில் புடலை இல்லை. வாங்கிய விதையைத் திருப்பி அனுப்பினார்கள். யார் யாரை வாழ்த்தினார்கள் என்று பழைய ஓலைகளைக் கிளறினார்கள். கொட்டகையில் கைகலப்பு நேர்ந்து இருவருக்கு மண்டை உடைந்தது. ஒரு காலையில் சேந்தநங்கை பந்தலுக்குப் போனபோது, இன்னுங்கொஞ்சம் வேரோடு வெட்டுண்டு கிடந்தது; விதைக்கென்று விட்டிருந்த காய் முற்றாமலே வாடித் தொங்கியது. வெட்டிய கை எதுவென்று தேடுகிறோம். அது பொன்னங்காரியின் கை அன்று என்பதை விசாரித்து அறிந்தோம். அவர் கேட்டது ஒரு கேள்விதான். தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்வது என்பார்கள். இவர் ஊர் மூக்கையே அறுத்தார்.

சேந்தநங்கை சரத்துக்கு வருவதை நிறுத்தினாள். நம் தூதர் போய்க் கேட்டபோது, இனித் தான் கத்திரி போடப் போவதாகவும், கத்திரியை எவரும் முழம் போடமாட்டார்கள் என்றும் சொன்னாள். எந்த மதகு என்று கேட்டதற்கு ஏன் விடை எழுதவில்லை என்று வினவினார் தூதர். கொல்லைக் கிணற்றடியில் தான் குளிக்கும் நீர் ஓடிப் பாயும் இடத்தில்தான் கொடியை ஊன்றியதாகவும், மேலும் இல்லை கீழும் இல்லை என்றும் சொன்னாள். அதை எழுதியிருந்தால் சண்டையே இல்லையே என்றார் தூதர். அதற்கு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறோம்: ‘அந்த ஆளு புடலையைக் கேக்கலைங்க. என்னைக் கேட்டாரு. புடலையைக் கேட்டிருந்தா பந்தலைப் பாத்துப் பதில் சொல்லியிருப்பேன்.’

நாரைத்துறையில் முதற்கொடியோடு போட்டியிட ஒரு கொடி இல்லாமற்போயிற்று. அந்தப் பருவத்தில் பொன்னங்காரியின் காய் நாலு முழமும் நான்கு விரற்கடையும் வளர்ந்தது. அவர் ஆயுளிலேயே நீளமானது. ஓலை எழுதிக் கட்டினார். கீழே ஒருவரும் கட்டவில்லை. வாழ்த்துமில்லை, வசையுமில்லை. பார்க்க வருவார்கள் என்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்தார். ஆடு வந்தது. மூங்கிலின் உச்சியிலோ, நாலு முழமும் ஆறு விரற்கடையும் என்ற பழைய ஓலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் அது அவர் கண்ணில் பட்டது.

அப்போதுதான் அவர் நம் அவைக்கு விண்ணப்பத்தோடு வந்தார். புடலைச் சரம் நாட்டின் அமைதிக்குக் கேடாகிவிட்டதென்றும், மண்டைகள் உடைகின்றன என்றும், ஆகவே மூங்கிலை இறக்கி ஓலைகளை எல்லாம் எரித்துவிட ஆணையிட வேண்டும் என்றும் பணிந்து கேட்டார். நம் அமைச்சர் இருவரும், வாழ்நாளில் முதன்முறையாக ஒரே குரலில், எரித்துவிடலாம் என்றார்கள். நாமும் ஏறக்குறைய இசைந்துவிட்டோம். அவையில் இல்லாத ஒன்று கொட்டகையிலும் இல்லாது ஒழியட்டுமே என்று நமக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி எழுந்ததையும் மறைக்கவில்லை.

ஆனாலும் வழக்கப்படி விசாரித்தோம். மண்டை உடைந்தவர் யார் யார் என்று கேட்டோம். துறைநாயகருக்குப் பெயர் நினைவில்லை. எந்த மாதத்தில் கைகலப்பு நேர்ந்தது என்று கேட்டோம். ஆடியா ஆவணியா என்று தடுமாறினார். இன்னுங்கொஞ்சத்தின் காய் எவ்வளவு நீளம் என்று கேட்டோம். நாம் கேட்டு முடிக்கும் முன்பே நாலு முழமும் ஆறு விரற்கடையும் என்றார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், காம்பையும் சேர்த்தல்லவா அளந்தார்கள், காம்பை விட்டால் நாலு முழமும் மூன்று விரற்கடையும்தான் என்றார். அவருடைய காய் காம்போடு அளக்கப்பட்டதா, காம்பு நீக்கியா என்று கேட்டோம். அவை சிரித்தது. மேல்மதகு அமைச்சரும் கீழ்மதகு அமைச்சரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

சிரிப்பு அடங்கியதும் நம் தூதர் எழுந்து, இனி அந்தக் கவலை துறைநாயகருக்கு வேண்டாம் என்றும், சேந்தநங்கையிடம் வேறு விதை இல்லை, விதைக்காயும் முற்றாமல் போயிற்று, ஆகவே அந்தக் கொடியின் வமிசமே அற்றது என்றும் சொன்னார். பொன்னங்காரியின் முகம் மலரும் என்று நாம் பார்த்திருந்தோம். மலரவில்லை. காய் ஒடிந்து விழுந்த நாளில் அவர் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆயிற்று. அப்படியானால் அதை இனி எப்படித்தான் வெல்வது என்று தமக்குள் முனகினார். பிறகு, அத்தனை பேருக்கும் நடுவில், வாய்விட்டு அழுதார்.

அழுகையின் ஊடே அவர் சொன்னதாவது: அளவுத் திருநாளில் முதலில் வந்தவர் இரண்டாவதாக வந்தவருக்கு ஒரு பிடி விதை கொடுக்கும் வழக்கம் இந்தச் சரத்துக்கு உண்டு, சேந்தநங்கையும் தமக்குக் கொடுத்தாள், அவள் கொடி தம் பந்தலில் ஏறுவதா என்று அதை விதைக்கவும் மனமில்லை, எறிந்துவிடவும் கை வரவில்லை, துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிட்டார், புகை படிந்து அது அங்கேயே இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, விதையை அவளிடமே கொடுத்துவிடுவதா, தாமே ஊன்றுவதா என்று நம்மைக் கேட்டார். தாமே ஊன்றட்டும் என்றோம். அவர் ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டார். தம் பந்தலின் கீழ்த்திசைக் கம்பத்தை முதற்கொடியிடமிருந்து எடுத்து இதற்குத் தர ஒப்புதல் வேண்டும் என்றார். ஏனென்று கேட்டோம். இன்னுங்கொஞ்சத்துக்குக் காலை வெயில்தான் பிடிக்கும், உச்சி வெயிலில் அது இலையைச் சுருட்டிக்கொள்ளும் என்றார். அவளுடைய கொல்லைக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர் சொன்னது இது. அன்பு கொண்டவர்கூட ஒரு கொடியை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கமாட்டார்.

ஆகவே நாம் கட்டளையிடுவது. சரத்தை எரிக்க வேண்டா. மூங்கில் அங்கேயே இருக்க. கொடிப்பெயருக்குப் பின்னால் நிற்பவர் எந்த ஊர், எந்தக் குலம், எந்த மதகு என்று எவரும் எவரையும் கேட்கலாகாது. கேள்வி சரத்துக்கு உரியதா அன்றா என்று ஐயம் எழுந்தால் சேந்தநங்கையின் சொல்லையே அளவுகோலாகக் கொள்க: பந்தலை அண்ணாந்து பார்த்து விடை சொல்லக்கூடியது புடலைக் கேள்வி, எழுதியவர் முகத்தைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும் என்றால் அது வேறு. வேறான ஓலையை வெண்பூதன் உடனே கழற்றுவாராக. கழற்றும்போது அதைப் பற்றித் தாமும் ஓர் ஓலை எழுதாதிருப்பாராக. நல்லவர் என்ற பெயர் கெடுமே என்று அவர் அஞ்ச வேண்டா, அது எப்படியும் கெடும். அவருக்குத் துணையாக அக்கரையிலிருந்தும் ஒருவரை ஊரவை தேர்ந்து வைக்க.

மதகு வாதம் தீயது என்று நாம் சொல்லவில்லை. நீர் உயிர், அதற்காக வாதாடாத நாடு வாழாது. அந்த ஓலைகளைக் கிழிக்காமல், ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் காளவாய் மேட்டில் இன்னொரு மூங்கில் நட்டு அங்கே கட்டுக. அங்கு எழுதுபவர் தம் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் எழுதிக் கட்டுக. அந்த மேட்டில் நிழல் கிடையாது. இருக்க வேண்டா என்பதும் நம் எண்ணமே. அங்கு தொங்குவதை நம் அமைச்சர் இருவரும் மாதந்தோறும் நேரில் நின்று படிப்பாராக.

காம்பைச் சேர்த்து அளப்பதா, நீக்கி அளப்பதா என்பது முழுக்க முழுக்கப் புடலைப் பேச்சு. அதைப் பற்றி வேண்டிய மட்டும் சண்டையிட்டுக்கொள்க. அதில் நாம் தலையிடோம்.

நம் யானைக்கொட்டிலுக்குப் பின்னால் நாமும் ஒரு பந்தல் போட்டிருக்கிறோம். நம் கொடியும் உங்கள் சரத்தில் கேள்வி கேட்கும். அதன் பெயரை இங்கே எழுதமாட்டோம். எந்த ஓலையைக் கண்டாலும் அரசியுடையதோ என்று தயங்கிப் புகழ வேண்டா. காய் கோணல் என்றால் கோணல் என்றே எழுதுக. ஓராண்டாக உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நமக்கு அதுவே வேண்டும்.

சேந்தநங்கை கத்திரி போடுவதைத் தடுக்கோம். ஆயினும் துறைநாயகர் பந்தலில் தன் கொடி எப்படி இருக்கிறதென்று பார்க்க அவள் எப்போது வந்தாலும் கொல்லைக் கதவு திறந்திருக்க வேண்டும். குறை சொன்னால் துறைநாயகர் கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் நிச்சயம் சொல்வாள். அந்தக் கொடியில் முதலில் முற்றும் காயின் விதை முழுவதும் அவளுக்கே உரியது.

வரும் ஆடித் திருநாளில், பொன்னங்காரியின் பந்தலில் அவர் கையால் வளர்ந்த இன்னுங்கொஞ்சத்தின் காயை ஊரறிய அளக்கும்போது, கயிற்றின் ஒரு தலையைச் சேந்தநங்கையும் மறுதலையைப் பொன்னங்காரியும் பிடிப்பது. அளவை உரக்கச் சொல்வது பொன்னங்காரி. அது அவருடைய முதற்கொடியின் காயைவிட நீளமாக இருக்குமாயின், எத்தனை விரற்கடை கூடுதல் என்பதையும் அவர் வாயாலேயே சொல்வது. குரல் கம்மினால் மறுபடியும் சொல்வது.

இது பிழையாது நடக்க. யானை முத்திரை வைத்தோம். வாய்மொழி கேட்டு எழுத்தாணி பிடித்தவன் நக்கன் காடன். ஊர்ப்பெயர் எழுத வேண்டா என்பது கட்டளை.